பெங்களூரா, சென்னையா? சம்பளக் கடிதம் சொல்லாத கணக்கு



சென்ற மாதம் ஒருநாள், இஷாத் தொழுகை முடிந்து பள்ளிவாசலில் ஆள் நடமாட்டம் குறைந்தபின், ஓர் இளைஞர் நம்மைத் தேடி வந்தார். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் அலிஃப், பே ஓதியவர். இன்று மென்பொருள் துறையில் பன்னிரண்டு ஆண்டு அனுபவம் பெற்ற திட்ட மேலாளர். அவர்கள் வழக்கில் சொன்னால் புராஜெக்ட் மேனேஜர். பெற்றோர் விழுப்புரத்தில் இருக்கின்றனர். தந்தையாருக்கு இதய நோய். புதுச்சேரி ஜிப்மருக்கு மாதந்தோறும் போய்வருகிறார்.

இளைஞரின் கையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. ஒரு பக்கத்தின் நடுவே கோடு கிழித்து, இடப்புறம் பெங்களூரு, வலப்புறம் சென்னை என்று எழுதியிருந்தார். இரு நகரங்களிலிருந்தும் வேலைக் கடிதம் வந்துவிட்டது. பெங்களூரு நிறுவனம் ஆண்டுக்கு 28 லட்சம் தருவதாகச் சொல்கிறது. சென்னை நிறுவனம் 22 லட்சம். பத்து நாளில் பதில் சொல்ல வேண்டும்.

“ஹஜ்ரத், இஸ்திகாராவும் தொழுதுவிட்டேன். மனசு ஒரு பக்கம் நிற்கவில்லை. அத்தா போ என்கிறார். மாமனார் வீட்டிலும் போகச் சொல்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?” என்றார்.

மதரசாவில் பாடம் நடத்தும் நம் மாத ஊதியம், அவர் பெங்களூரில் கொடுக்கவிருக்கும் வீட்டு வாடகையைவிடக் குறைவு. லட்சங்களைப் பற்றி நம்மிடம் ஆலோசனை கேட்கிறாரே என்று முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஆயினும் அன்றிரவு அவரோடு அமர்ந்து வரிவரியாக அந்தக் கணக்கைப் பார்த்தோம். விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் எத்தனையோ வீடுகளில் இதே நோட்டுப் புத்தகம் இன்று திறந்து கிடக்கிறது. ஆதலால் அன்று பேசியவற்றைப் பொதுவில் வைக்கிறோம்.

திண்டிவனத்தில் நின்று பார்த்தால் இந்தக் கேள்வி சாலையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஒரு சாலை வடக்கே செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்குப் போகிறது. ஏறத்தாழ 125 கி.மீ. இன்னொரு சாலை மேற்கே செஞ்சி, திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி வழியாகப் பெங்களூருக்குப் போகிறது. ஏறத்தாழ 270 கி.மீ. நம் பிள்ளைகள் எந்தச் சாலையில் திரும்புகிறார்கள் என்பதைப் பெரும்பாலும் ஒரே ஓர் எண்தான் தீர்மானிக்கிறது. அந்த எண் உண்மையில் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

கடிதத்தில் உள்ள தொகையும் கைக்கு வரும் தொகையும்

28க்கும் 22க்கும் வித்தியாசம் 6 லட்சம். மாதத்திற்கு 50,000 ரூபாய். இந்த ஐம்பதாயிரம்தான் வீட்டில் எல்லோர் வாயிலும் இருந்தது. நாம் கடிதத்தின் பின்னிணைப்பை எடுக்கச் சொன்னோம்.

பெங்களூருக் கடிதத்தின் 28 லட்சத்தில் 2 லட்சம், செயல்திறனைப் பொறுத்து வரும் மாறுபடு ஊதியம். நிறுவனமும் அவரும் இலக்கை எட்டினால் வரும். எட்டாவிட்டால் குறையும், வராமலும் போகலாம். 1 லட்சம், சேரும்போது ஒருமுறை தரும் ஊக்கத்தொகை. ஓராண்டுக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும். ஏறத்தாழ 1 லட்சம், வருங்கால வைப்பு நிதியில் நிறுவனம் செலுத்தும் பங்கும் பணிக்கொடைக்கான ஒதுக்கீடும். நிரந்தர ஊழியர் ஐந்தாண்டு தொடர்ந்து பணியாற்றினால்தான் பணிக்கொடை கைக்கு வரும். மூன்றாண்டுக்கு ஒருமுறை நிறுவனம் மாறுபவர்க்கு அது கடிதத்தில் மட்டும் உள்ள பணம். ஆக, உறுதியான சம்பளம் 24 லட்சம். சென்னைக் கடிதத்தில் இவ்வாறே மாறுபடு ஊதியம் 1 லட்சமும் வைப்பு நிதி முதலியவற்றுக்கு 1 லட்சமும் கழிய, 20 லட்சம். ஆறு லட்ச வித்தியாசம் நான்கு லட்சமாயிற்று.

அடுத்து வருமான வரி. 2025 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள புதிய வரிமுறையில், நிலைக்கழிவு 75,000 போக, 20 லட்சம் சம்பளக்காரர் மேல்வரியும் சேர்த்துச் செலுத்துவது 1,92,400 ரூபாய். 24 லட்சம் சம்பளக்காரர் செலுத்துவது 2,92,500 ரூபாய். கூடுதலாக வரும் நான்கு லட்சத்தில் ஒரு லட்சம் வரிக்கே போகிறது. மிஞ்சுவது ஆண்டுக்கு 3 லட்சம், மாதம் 25,000. ஐம்பதாயிரம் என்று ஊரெல்லாம் பேசிய தொகை, ஒரு ரூபாயும் செலவழிக்கும் முன்பே பாதியாகிவிட்டது.

பழைய வரிமுறையில் இருப்போர் இன்னொன்றையும் பார்க்க வேண்டியிருந்தது. 1962ஆம் ஆண்டின் வருமான வரி விதிகளில், வீட்டு வாடகைப் படிக்கான விலக்கின் உச்ச அளவு மும்பை, தில்லி, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களுக்கு அடிப்படைச் சம்பளத்தில் 50 விழுக்காடு. பெங்களூருக்கு 40 விழுக்காடுதான். வாடகை அதிகமான ஊருக்கு விலக்கு குறைவு! தொழில்வரியில் பெரிய வேறுபாடு கிடையாது. எந்த மாநிலமானாலும் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று அரசமைப்புச் சட்டமே வரம்பு கட்டியிருக்கிறது.

இங்கே மூஸா (அலை) அவர்களின் வரலாற்றில் ஓர் இடம் நினைவுக்கு வருகிறது. மத்யனில் அந்தப் பெரியவர் அவரைப் பணிக்கு அமர்த்தியபோது எட்டு ஆண்டுகள் கட்டாயம் என்றும், பத்தாக நிறைவு செய்தால் அது அவருடைய விருப்பம் என்றும் முதலிலேயே பிரித்துச் சொன்னார். எது உறுதி, எது விருப்பம் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. நம் பிள்ளைகளும் எட்டு எது, இரண்டு எது என்று கேட்டுத் தெளிந்த பின்னரே கையொப்பமிட வேண்டும். கேட்பது பேராசையாகாது. ஒப்பந்தத்தில் தெளிவு என்பது நம் மார்க்கம் வலியுறுத்தும் ஒழுக்கம்.

வாடகையும் முன்பணமும்

இனி அந்த 25,000 எங்கே போகிறது என்று பார்த்தோம். பெங்களூரில் ஒயிட்ஃபீல்டை ஒட்டி இரு படுக்கையறை வீட்டுக்கு அவர் விசாரித்து வந்த வாடகை, பராமரிப்புக் கட்டணத்தோடு 36,000. சென்னையில் மேடவாக்கத்தில் அதே அளவு வீடு 20,000. வித்தியாசம் 16,000. இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் வேன் கட்டணமும் சேர்த்து மாதக் கணக்கில் 4,000 கூடுதல். 25,000இல் 20,000 போய் 5,000 நின்றது.

பெங்களூருக்குச் சாதகமான வரிகளும் உண்டு. அவற்றையும் எழுதச் சொன்னோம். அங்கே குளிர்சாதனம் பெரும்பாலான வீடுகளுக்குத் தேவையில்லை. கர்நாடக அரசின் கிருஹஜோதித் திட்டத்தில் 2023 முதல் மாதம் 200 யூனிட் வரை பயன்படுத்தும் வீடுகளுக்கு, வாடகைக்கு இருப்போர் உட்பட, கட்டணச் சலுகை இருக்கிறது. தமிழ்நாட்டில் 2025இல் இரு மாதத்திற்கு முதல் 100 யூனிட்தான் இலவசமாக இருந்தது. சென்னையின் கத்திரி வெயிலுக்கு அது எம்மாத்திரம்? தண்ணீரைப் பொறுத்தவரை இரண்டு ஊர்களும் சமம். 2019இல் சென்னை குடத்தோடு நின்றது. 2024இல் பெங்களூரு நின்றது.

முன்பணம் என்பது தனிக் கதை. பெங்களூரில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது நெடுநாள் வழக்கம். இப்போது பல இடங்களில் குறைந்து வருகிறது. இவரிடம் பத்து மாதமே கேட்டிருக்கிறார்கள்: 3,60,000 ரூபாய். காலி செய்யும்போது வர்ணம் பூசும் செலவென்று ஒரு மாத வாடகையைக் கழிப்பதும் உண்டு. தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டின் வீட்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வேறு உடன்பாடு இல்லாவிடில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது அது. மேடவாக்கம் வீட்டுக்காரர் மூன்று மாதமே கேட்டார்: 60,000. இடையிலுள்ள மூன்று லட்சம் திரும்பி வரும் பணம்தான். ஆனால் மாதம் 5,000 மிச்சம் பிடிப்பவர் மூன்று லட்சம் சேர்க்க அறுபது மாதங்கள் ஆகும்.

வாடகைச் சுமையிலிருந்து தப்ப நம் மக்கள் பலர் நாடும் வழி ஒன்றுண்டு. நம் பக்கம் போக்கியம் என்றும் ஒத்தி என்றும் சொல்வார்கள், பெங்களூரில் லீஸ். பதினைந்து லட்சமோ இருபது லட்சமோ வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, இரண்டு மூன்று ஆண்டுகள் வாடகையின்றிக் குடியிருந்து, போகும்போது முழுத் தொகையையும் திரும்பப் பெறுவது. வட்டி என்ற சொல்லே அதில் வராததால் பலருக்கு உறுத்துவதில்லை. ஆனால் கொடுத்த பணம் கடன். குடியிருக்கும் உரிமை அந்தக் கடனால் கிடைத்த பயன். கடன் கொடுத்து அதைக்கொண்டு பயன் பெறுவது வட்டியின் வகையைச் சேரும் என்பது பெரும்பாலான உலமாக்களின் தீர்ப்பு. இத்தகைய ஒப்பந்தத்தில் இறங்கும் முன் உங்கள் மஹல்லா ஆலிமிடம் பத்திரத்தைக் காட்டிக் கேளுங்கள். இறங்கிய பிறகு கேட்பவர்களே நம்மிடம் அதிகம் வருகிறார்கள்.

சொந்த வீடு வாங்க வங்கிக் கடன் என்ற ஆசையும் உயர்ந்த சம்பளத்தின் பின்னாலேயே வருகிறது. வட்டியில்லா வங்கி முறையை முன்னெடுப்பதில்லை என்று இந்திய ரிசர்வ் வங்கி 2017இல் முடிவெடுத்துவிட்டது. ஆகவே நம் நாட்டில் அந்தக் கதவு திறக்கும் வரை, அடுக்குமாடி விளம்பரங்களின் முன் நிற்கும் நம் இளைஞர்க்குப் பொறுமையே முதல். பெரிய சம்பளத்தில் ஒரு விந்தையையும் காண்கிறோம். இருபது லட்சத்துக்கு மேல் ஈட்டும் சிலர், மாதத் தவணைகள் போகக் கையில் சேமிப்பே நில்லாமல், ஜகாத் கடமையாகாத நிலையில் ஆண்டுகளைக் கழிக்கின்றனர். திண்டிவனம் பேருந்து நிலையத்தருகே தேநீர்க் கடை வைத்திருப்பவரோ ஒவ்வொரு ரமளானிலும் கணக்குப் பார்த்து ஜகாத் கொடுக்கிறார். இவர்களில் செல்வர் யார்?

மறுதரப்பு நியாயம்

அப்படியானால் பெங்களூரு வேண்டாம் என்பதுதானே உங்கள் முடிவு என்று அவசரப்பட வேண்டாம். அந்த இளைஞரே நல்லதொரு மறுப்பைச் சொன்னார். “ஹஜ்ரத், இந்த வருஷத்துக் கணக்கு இது. அடுத்த உயர்வு சதவீதத்தில்தானே வரும்? இருபதுக்குப் பத்துச் சதவீதம் வேறு, இருபத்துநாலுக்குப் பத்துச் சதவீதம் வேறு. அதோடு நாளைக்கே ஆட்குறைப்பு வந்தால், பெங்களூரில் இன்னொரு கதவைத் தட்டலாம்.”

இது உண்மை. பன்னாட்டு நிறுவனங்களின் தொழில்நுட்ப மையங்கள் பெங்களூரில் நெருங்கிக் கிடக்கின்றன. நாற்பது வயதை நெருங்கும் திட்ட மேலாளருக்கு ஆட்குறைப்பு அச்சம் வெறும் கற்பனையன்று. ஆனால் இதில் இரண்டைக் கவனிக்க வேண்டும். உயர்வு சதவீதத்தில் வருவதுபோலவே வாடகை உயர்வும் பள்ளிக் கட்டண உயர்வும் சதவீதத்தில்தான் வருகின்றன. பெரிய தொகையின் மீது வரும் சதவீதம் அங்கேயும் பெரிதே. மற்றொன்று, வேலை போகும் நாளில் நம்மைக் காப்பது கையிருப்பு. ஆறு மாதச் செலவைக் கையில் வைத்திருக்கும் இருபது லட்சக்காரர், தவணைகளோடு நிற்கும் இருபத்துநான்கு லட்சக்காரரைவிட நிம்மதியாக அடுத்த வேலையைத் தேடலாம்.

பிழைப்புக்காக ஊர் விட்டுப் போவதை மார்க்கம் தடுக்கவில்லை. மக்காவிலிருந்து வெறுங்கையோடு மதீனா வந்த அப்துர்ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள், தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்த அன்சாரித் தோழருக்கு துஆச் செய்துவிட்டு, கடைவீதிக்கு வழி கேட்டார்கள். நம் முன்னோரும் பர்மா, மலேயா, இலங்கை என்று சபர் போனவர்களே. இன்னொரு பழைய மாணவருக்கு நாமே பெங்களூரு போகச் சொன்னோம். அவர் தந்தை, மகள்களின் திருமணத்துக்காக வட்டிக்கு வாங்கிய கடன் குடும்பத்தை அழுத்திக்கொண்டிருந்தது. திருமணமாகாத அந்த இளைஞர் நண்பர்களோடு அறையைப் பகிர்ந்துகொண்டு, மூன்றாண்டில் கடனை அடைத்துவிட்டுத் திரும்பினார். அவருடைய கணக்கில் பெங்களூரே சரி. ஊரும் சம்பளமும் ஒன்றேயானாலும், கடமைகள் மாறும்போது விடையும் மாறுகிறது.

நோட்டில் எழுதப்படாத வரிகள்

ரூபாய்க் கணக்கை முடித்தபின், “இன்னும் சில வரிகளை எழுதுங்கள் தம்பி” என்றோம்.

முதல் வரி, வேலை நேரம். திட்ட மேலாளரின் நாளைத் தீர்மானிப்பது ஊரன்று. வாடிக்கையாளர் இருக்கும் நாடு. நியூயார்க்கில் காலை பத்து மணி என்றால் நமக்குக் கோடையில் இரவு ஏழரை, குளிர்காலத்தில் எட்டரை. மஃரிபும் இஷாவும் பிள்ளைகளின் இரவு உணவும் அந்தக் கூட்டத்துக்குள்ளே போய்விடும். இலண்டன் வாடிக்கையாளர் என்றால் நமக்கும் அவர்களுக்கும் நான்கரை அல்லது ஐந்தரை மணி நேரமே இடைவெளி. மாலைக்குள் பெரும்பகுதி முடியும். இரண்டு நிறுவனங்களிடமும் இதைக் கேட்டீர்களா என்றோம். கேட்கவில்லை. சம்பளத்தை நான்கு முறை கேட்டவர் நேரத்தை ஒருமுறையும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை நண்பகலில் நிரந்தரக் கூட்டம் உண்டா என்பதையும் சேரும் முன் கேட்பது எளிது, சேர்ந்தபின் கடினம்.

இரண்டாவது வரி, வேலையின் பொருள். எந்தத் திட்டத்தை மேலாண்மை செய்யப் போகிறோம்? வட்டிக் கடன் செயலியா? பணம் வைத்து ஆடும் விளையாட்டா? 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடாளுமன்றம் சட்டமியற்றித் தடை செய்தது. அத்துறையில் உயர்ந்த ஊதியத்துக்குச் சேர்ந்தவர்களின் வேலை சில நாட்களிலேயே கேள்விக்குறியாயிற்று. மறுமையில் செல்வத்தைப் பற்றி எவ்வழியில் ஈட்டினாய், எவ்வழியில் செலவிட்டாய் என இரு கேள்விகள் உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். எவ்வளவு ஈட்டினாய் என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

மூன்றாவது வரி, பிள்ளைகளின் மொழி. கர்நாடகத்தில் 2015ஆம் ஆண்டின் சட்டப்படி பள்ளிகளில் கன்னடம் முதல் அல்லது இரண்டாம் மொழியாகக் கற்பிக்கப்பட வேண்டும். அந்த மண்ணில் வாழ்வோர் அம்மொழியைக் கற்பது முறையே. ஆயினும் நம் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ் எழுத்தை யார் சொல்லிக்கொடுப்பார்? பெங்களூரில் சிவாஜிநகர் போன்ற பகுதிகளில் தமிழ் முஸ்லிம்கள் தலைமுறைகளாக வாழ்கின்றனர். அவர்களை அண்டி வாழ்வோர்க்குக் கவலை குறைவு. ஐ.டி. பூங்காக்களை ஒட்டிய புதிய குடியிருப்புகளிலோ ஜும்ஆ உரை பெரும்பாலும் உருதுவில் நடக்கிறது. உரை புரியாத பிள்ளை பத்து வயதில் பள்ளிவாசலில் உட்கார்ந்திருக்கும். பதினைந்து வயதில் உட்காருமா? இதைப் பெற்றோர்தாம் சிந்திக்க வேண்டும்.

நான்காவது வரியை எழுதச் சொன்னது நாமல்லோம். மறுநாள் அவர் வீட்டுக்குப் போயிருந்தோம். தந்தையார், “எனக்கென்ன ஹஜ்ரத், ஜிப்மருக்கு நானே பஸ் ஏறிப் போய்வருவேன். அவன் நல்லா வரணும்” என்றார். தேநீர் கொண்டுவந்து வைத்த தாயார் கதவோரம் நின்றபடியே மகனைப் பார்த்து, “அங்கே போனா எத்தனை மாசத்துக்கு ஒரு தடவை வருவே?” என்று கேட்டார்.

அதுவரை யாரும் அவரிடம் கருத்துக் கேட்கவில்லை. அவரும் கருத்துச் சொல்லவில்லை. ஒரு கணக்குத்தான் கேட்டார். நால்வர் கொண்ட குடும்பம் பெங்களூரிலிருந்து ஒருமுறை வந்துபோகும் செலவில் சென்னையிலிருந்து இருமுறை வந்துபோகலாம். ரூபாயில் இரண்டும் சமம். பேரப்பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கும் நாட்களில் ஒன்று மற்றொன்றின் பாதி. சென்னையிலிருந்து விழுப்புரம் 160 கி.மீ.; நள்ளிரவில் தந்தைக்கு நெஞ்சுவலி என்றால் விடியும் முன் மகன் வந்துவிடலாம். பெங்களூரு ஏறத்தாழ அதன் இருமடங்கு தொலைவு. முதுமையடைந்த பெற்றோரைப் பேணுவதை, தன்னை வணங்குவதற்கு அடுத்த கடமையாக அல்லாஹ் குர்ஆனில் சொல்கிறான். அந்தக் கடமையைப் பணமாக அனுப்பி நிறைவேற்றும் நிலை சிலருக்கு வரும். அது தவிர்க்க இயலாத நிலை. மாதம் ஐந்தாயிரத்துக்காக அந்த நிலையை நாமே தேடிக்கொள்ள வேண்டுமா?

மூன்றாவது வழி

இரண்டு கடிதம் வந்தால் இரண்டே வழி என்று எண்ணிவிடுகிறோம். திண்டிவனத்திலிருந்து ஏறத்தாழ எழுபது கி.மீ. தொலைவில், செங்கல்பட்டை அடுத்து மகிந்திரா வேர்ல்டு சிட்டி இருக்கிறது. பெரிய மென்பொருள் வளாகங்கள் அங்கே இயங்குகின்றன. நம் மாவட்டத்திலேயே, வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில் 2024 பிப்ரவரியில் டைடல் நியோ பூங்கா திறக்கப்பட்டது. திண்டிவனம் சிப்காட்டில் உணவுப் பூங்கா அமைந்திருக்கிறது; திட்ட மேலாளர் என்றால் கணினித் துறை மட்டுமன்று, ஆலையும் கட்டுமானமும்கூட அவரைத் தேடும்.

இங்கே சம்பளம் குறைவாகத்தான் இருக்கும். பன்னிரண்டு ஆண்டு அனுபவத்துக்கு 20 லட்சம் தரும் இடம் இங்கே எளிதில் கிடைக்காது. ஆனால் சொந்த வீடோ, ஒன்பது பத்தாயிரம் வாடகையோ போதும் என்ற ஊரில் 14 லட்சம் என்ன செய்யும் என்பதையும் ஒரு பக்கத்தில் எழுதிப் பார்க்கலாம். வாரத்தில் இரண்டு மூன்று நாள் வீட்டிலிருந்தே பணிபுரிய நிறுவனம் இசைந்தால், சென்னைச் சம்பளத்தையும் விழுப்புரத்து வாழ்வையும் ஓரளவு சேர்த்துக்கொள்ளலாம். கேட்டால்தான் தெரியும். சம்பளத்தில் ஒரு லட்சம் கூட்டிக் கேட்கத் துணியும் நம் பிள்ளைகள், இரண்டு நாள் வீட்டு வேலையைக் கேட்கத் தயங்குகிறார்கள்.

நம் பங்கு என்ன?

பிள்ளைகளை மட்டும் குறை சொல்லி முடித்தால் நீதியாகாது. பெண் பார்க்கும் இடத்தில் மாப்பிள்ளையின் தொழுகையைப் பற்றி ஒரு கேள்வியும் சம்பளத்தைப் பற்றிப் பத்துக் கேள்விகளும் கேட்பவர்கள் நாம்தாம். “பையன் பெங்களூரில் இருக்கிறான்” என்று சொல்லும்போது குரலை உயர்த்துபவர்களும் “சென்னையில்தான்” என்று ‘தான்’ சேர்ப்பவர்களும் நாம்தாம். சொந்தக்காரர் வீட்டுத் திருமணத்தில் ஓர் இளைஞரிடம் முதலில் கேட்கப்படுவது அவர் சம்பளம். இந்த ஒப்பீடு மஹல்லாவில் விதைக்கப்படுகிறது. வேலைக் கடிதத்தில் அறுவடையாகிறது. நாமும் மதரசாவில், சந்தாப் பட்டியலில் பெரிய தொகை எழுதுபவரின் பிள்ளையைச் சற்று அதிகமாகப் பாராட்டியதுண்டு. அல்லாஹ் நம்மை மன்னிப்பானாக.

தந்தையர்க்கு ஒரு வேண்டுகோள். “எனக்கென்ன, நீ போ” என்று சொல்லும் முன், உண்மையில் என்ன வேண்டும் என்பதை மகனிடம் சொல்லிவிடுங்கள். நீங்கள் மறைப்பதைப் பிள்ளை கணக்கில் எழுத முடியாது. இளைஞர்க்கும் ஒரு வேண்டுகோள். இஸ்திகாராவுக்கு முன் மஷ்வராச் செய்யுங்கள்; மஷ்வராவுக்கு முன் கணக்கை நேர்மையாக எழுதுங்கள். அந்த மஷ்வராவில் தாயையும் மனைவியையும் உட்கார வையுங்கள். வீட்டை நடத்தப் போகிறவர்கள் அவர்களே.

அந்த இளைஞர் சென்னை நிறுவனத்துக்கே இசைவு தெரிவித்தார். இசைவு தரும் முன், வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து பணிபுரிய அனுமதி கேட்டார், கிடைத்தது. வாடிக்கையாளர் எந்த நாடு என்றும் கேட்டார். பெங்களூருக் கடிதத்தைத் திருப்பியபோது அவர் மாமனார் வீட்டில் சற்று மனவருத்தம் இருந்ததாகக் கேள்விப்பட்டோம். அவர்களிடமும் அந்த நோட்டுப் புத்தகத்தைக் காட்டச் சொல்லியிருக்கிறோம்.

ரிஸ்க் அல்லாஹ்விடமிருந்து வருகிறது. அதைத் தேடும் வழியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நம்முடையது. நம் பிள்ளைகளுக்கு ஹலாலான, போதுமான, பெற்றோரின் துஆவைச் சேர்த்துக்கொண்டு வரும் வருவாயை எந்த ஊரிலிருந்தாலும் அல்லாஹ் அருள்வானாக. அதில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.